மறுபடியும் வி.பி.எஸ். டீச்சர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சி.எஸ்.ஐ. கோயில் இருக்கிற ஊரில் பிறந்த யாரிடமும் "வி.பி.எஸ்." என்று சொல்லிப் பாருங்கள். ஐம்பது வயதுக்காரர்கூட ஏதாவது ஒரு பாட்டைக் கை ஆட்டிக்கொண்டே பாட ஆரம்பித்துவிடுவார். வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளி என்பது முழுப் பெயர். அதை நோட்டீஸில்தான் பார்க்கலாம், வாயில் வராது. மே மாதம் பள்ளிக்கூடம் அடைத்த பிறகு, ஊர்க்கோயிலில் பத்து நாள் வாக்கில் காலை முதல் மதியம் வரை பிள்ளைகளுக்கு நடக்கிற முகாம். பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு, நடுவில் ஏதாவது தின்ன. சி.எஸ்.ஐ. மட்டும் இல்லை, இரட்சணிய சேனை, லுத்தரன் சபைகளிலும் உண்டு.

நான் பிகினர்ஸ் வகுப்பில் பாயில் உட்கார்ந்து அழுததில் தொடங்கி, பிரைமரி, ஜூனியர், இன்டர், சீனியர் என்று படியேறி, பத்தாம் வகுப்பு முடித்த வருடம் டீச்சர்களுக்கு உதவியாளாகி, கல்லூரிக் காலம் முழுக்க டீச்சராக நின்றவள். பிறகு சென்னையில் வேலை. மே மாதம் லீவு கேட்டால் கிடைக்காத வேலை. அப்படியே விட்டுப்போனது. பல வருடங்களுக்குப் பிறகு இந்த மே மாதம் திரும்பப் போனேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணம் சபைச் செயலாளர் மாமாவின் போன். பங்குனி வெயிலில் ஒருநாள் கூப்பிட்டார். "மக்கா, பிள்ளைய இருக்கு. சொல்லிக்குடுக்கதுக்கு ஆளு இல்ல. ஒனக்கு லீவு கிட்டுமா?" அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அவர் கெஞ்சவும் இல்லை, நான் யோசிக்கவும் இல்லை.

ஆள் ஏன் இல்லை என்பதை ஊருக்குப் போன பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். வி.பி.எஸ்.ஸுக்கு டீச்சர் வெளியிலிருந்து வருவதில்லை. இன்று சீனியரில் இருக்கிறவர்கள் இரண்டு வருடத்தில் உதவியாள், அதற்கடுத்து டீச்சர். 2020 மே மாதம் ஊரடங்கு. 2021 மே மாதம் இரண்டாம் அலை, மறுபடியும் ஊரடங்கு. அடுத்தடுத்து இரண்டு கோடை போயிற்று. பிள்ளைகளுக்கு ஜூமில் பாட்டுப் போட்டார்கள், சரிதான். ஆனால் அந்த இரண்டு வருடமும் பதினான்கு, பதினைந்து வயதில் இருந்தவர்கள், சின்னப் பிள்ளைகளை மூக்குத் துடைத்துவிட்டு வரிசையில் நிறுத்தப் பழகியிருக்க வேண்டியவர்கள், அந்தப் பழக்கம் இல்லாமலே கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவர்கள்தான் இப்போது டீச்சராக நின்றிருக்க வேண்டிய வயதுக்காரர்கள். எங்கள் ஊரில் பற்றாக்குறை வந்தது இந்த இடத்தில்தான். போதாக்குறைக்கு, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் போகப்போகிற பிள்ளைகளுக்கு மே மாதமே டியூஷன் தொடங்கிவிடுகிறது. சீனியர் வகுப்பில் பெஞ்சு காலியாகக் கிடந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் பத்து நாள் காலை வேளையைக்கூட விட்டுக்கொடுக்க முடியாதா என்று அந்தப் பெற்றோரிடம் நேரிலேயே கேட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

ரயில் வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும்போது முகத்தில் அடிக்கிற காற்றுக்காகவே நான் எப்போதும் அந்த நேரத்தில் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன். இரண்டு பக்கமும் காற்றாலைகள், தூரத்தில் மலை. நாகர்கோவிலில் இறங்கி, மயிலாடிப் பக்கம் போகிற பஸ் பிடித்து, வீட்டில் பையைப் போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். அன்று மாலை டீச்சர்கள் கூடுகை.

மயிலாடி என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. இன்று அந்த ஊர் கல் சிற்பிகளுக்குப் பேர்போனது. 1806-இல் ரிங்கல்தௌபே என்ற பிரஷ்யக்காரர் லண்டன் மிஷனுக்காக அங்கே வந்தார். அவரை வரவழைத்தது அந்த ஊர்க்காரரான மகராசன் என்கிற வேதமாணிக்கம். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. கோயில் வந்த இடத்தில் பள்ளிக்கூடமும் வந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே உடல் நலிந்து இங்கிருந்து கிளம்பினார். அவருடைய முடிவு என்னவாயிற்று என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் கோயிலை ஒட்டிப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவே இல்லை.

வி.பி.எஸ். என்ற ஏற்பாடு அதற்கு நெடுங்காலம் கழித்து அமெரிக்காவில் உருவானது. 1898 கோடையில் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், பள்ளி அடைத்த நாட்களில் தெருவில் அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்காக எலைசா ஹாஸ் என்ற அம்மையார் ஒரு பீர் கடையின் கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். பாட்டு, பைபிள் கதை, மனப்பாடம், விளையாட்டு, கைவேலை என்று அன்று அவர் வைத்த வரிசையும், இந்த மே மாதம் எங்கள் கோயில் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையும் ஏறக்குறைய ஒன்றுதான். 1901 முதல் ராபர்ட் போவில் என்ற போதகர் அதைப் பல சபைகளுக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் கோடை முகாம் என்றால் வேறு ஒன்றும் உண்டு: 1861-இல் பிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைத்ததில் தொடங்கிய வழக்கம் அது. பிள்ளை வீட்டை விட்டுப் போய் வாரக்கணக்கில் தங்க வேண்டும், காசும் வேண்டும். எங்களுடையதில் பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கும். எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். எனக்கு இதுதான் உசத்தி.

கூடுகையில் எனக்குப் பிகினர்ஸ் வகுப்பைக் கொடுத்தார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரை. யாரும் கேட்டு வாங்காத வகுப்பு. நான் கேட்டு வாங்கினேன்.

பாட்டுப் பயிற்சியில் புது டீச்சர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம்தான். பிள்ளைகளுக்கு எதிரே நின்று செய்கை காட்டும்போது, "வலது கை" என்று சொல்லிவிட்டு உன் இடது கையைத் தூக்க வேண்டும். பிள்ளை உன்னைக் கண்ணாடியாகத்தான் பார்க்கும். நீ உன் வலது கையைத் தூக்கினால் அது இடது கையைத் தூக்கும், பக்கத்துப் பிள்ளை முகத்தில் இடிக்கும், அதோடு பாட்டு முடிந்தது. இதை எனக்குச் சொல்லித் தந்தது, நான் உதவியாளாக இருந்த காலத்தில் எங்களை மேய்த்த ஒரு பெரியம்மை. அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். வாய் ஒன்று சொல்ல, கை எதிர்ப்பக்கம் போக, முகம் சிரிக்க வேண்டும். இரண்டு நாள் வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன் நின்று பழகினால் வந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரை நிறுத்தி நான் பழக்கிவிட்டேன். மூன்றாம் நாள் அவர்கள் என்னைவிட நன்றாகச் செய்தார்கள்.

கோயில் பீரோவைத் திறந்தபோது அடியில் பழைய ஃபிளானல் பலகை கிடந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. பலகையில் பச்சை ஃபிளானல் துணி இழுத்து ஒட்டியிருக்கும். ஆடு, மேய்ப்பன், கிணறு, வீடு என்று அட்டையில் வெட்டிய படங்களின் முதுகில் உப்புத்தாள் துண்டு ஒட்டியிருக்கும். துணியில் வைத்து லேசாக அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். கதை நடக்க நடக்கப் படத்தை எடுத்து நகர்த்தலாம். பல ஆடுகளுக்குக் கால் போயிருந்தது. புதிதாக வெட்டிக் கலர் அடித்து, மயிலாடிக் கடையில் உப்புத்தாள் வாங்கி ஒட்டினோம்.

புரொஜெக்டர் இருக்கிறது, கார்ட்டூன் போட்டுவிடலாமே என்று ஒரு தம்பி சொன்னான். நான் வேண்டாம் என்றேன். வீட்டில் போன் பார்க்கிற பிள்ளை இங்கேயும் திரையைத்தான் பார்க்க வேண்டுமா? காணாமற்போன ஆட்டின் கதையைச் சொல்லும்போது, தொண்ணூற்றொன்பது ஆட்டையும் பலகையில் ஒட்ட முடியாது; ஏழெட்டு ஒட்டி, பிள்ளைகளையே எண்ணச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லி ஒரு ஆட்டை எடுத்து ஒளித்தேன். கண் திறந்ததும் அந்தப் பதற்றத்தைப் பார்க்க வேண்டுமே! "அக்கா, ஒண்ணக் காணல!" என்று பாயை விட்டு எழுந்து தேடினார்கள். ஒருத்தி கோயில் தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். இன்னொருவன் என் பையைக் கவிழ்த்துவிட்டான். திரையில் ஓடுகிற ஆட்டை எந்தப் பிள்ளையும் எழுந்து தேடாது.

அந்த வகுப்பில் ஒரு பையன் முதல் நாளிலிருந்தே உள்ளே வர மறுத்துவிட்டான். நாலு வயது இருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்வான். அவன் பாட்டி, "உள்ள போ மக்கா, அக்கா முட்டாயி தருவா" என்று தள்ளப் பார்த்தார். நான் தடுத்து, பாய்களை எல்லாம் வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். வகுப்பு படிக்கு வந்துவிட்டது. அவன் கதவை விடவில்லை, பாடவும் இல்லை. கைவேலை நேரத்தில் கலர் பென்சிலை நீட்டினால் வாங்கிக்கொள்வான். கடைசி நாள் வரை அவன் பாயில் உட்காரவே இல்லை. ஆனால் நடுவில் ஒருநாள் பாட்டி என்னிடம், "வீட்டுக்கு வந்தா எல்லாப் பாட்டையும் படிச்சு ஆடுகான் பிள்ளே. எங்கள வரிசையா இருத்தி, நீ செய்ய மாதிரியே கையக் காட்டுகான்" என்றார். அப்படியானால் அவன் இடது கையைத் தூக்கி வலது என்று சொல்லியிருப்பான்! அதைக் கேட்ட அன்று எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கைவேலையைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அப்படி நினைக்க நியாயமில்லை. மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா 1820-ஐ ஒட்டிய வருடங்களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கிய அடிமைப் பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்தான். ஆகவே பசையும் சார்ட் பேப்பரும் மட்டும் போதாது என்று இந்த முறை பெரிய பிள்ளைகளுக்கு ஓலை முடையக் கற்றுக்கொடுத்தோம். பனையோலையில் சின்னப் பெட்டி. சொல்லித் தந்தவர் ஊரிலேயே உள்ள ஒரு தாத்தா. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பையன்கள். குருத்தோலை ஞாயிறுக்கு மட்டும் ஓலையைத் தொட்ட பிள்ளைகள், நனைத்த ஓலையை நகத்தால் கீறிச் சமமாகப் பிளக்கப் பழகினார்கள்.

தின்கிற காரியத்தைச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் பொறுப்பு. கோட்டாறு கம்போளத்தில் வாங்கிய சிறுபயறு அவித்துத் தேங்காய் துருவிப் போட்டது ஒருநாள், அவலும் கருப்பட்டியும் ஒருநாள், மரச்சீனி அவித்துச் சம்மந்தியோடு ஒருநாள், கஞ்சியும் பயறும் ஒருநாள். மட்டிப்பழம் ஒரு குலையே வந்தது ஒருநாள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம மட்டிதான், விரல் நீளம்கூட இருக்காது, மணம் கோயில் முழுக்க இருந்தது. பாக்கெட் பிஸ்கெட்டும் கலர் பானமும் தருகிறோம் என்று சிலர் முன்வந்தார்கள். நல்ல மனதோடுதான். ஆனாலும் சமைத்துக் கொடுப்பதே நல்லது என்று பெண்கள் கூட்டத்தில் சொன்னார்கள், அப்படியே நடந்தது. காலையில் வெறும் சாயா குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இன்றும் உண்டு. அது டீச்சருக்குத் தெரியும், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நான் இல்லாத வருடங்களில் வந்த ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்ல வேண்டும். எந்த வகுப்பிலும் ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு பேர். கழிப்பறைக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போகவும் இரண்டு பேர். வீட்டார் சொன்ன ஆளிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். 2012-இல் போக்சோ சட்டம் வந்த பிறகு இதையெல்லாம் சட்டத்தின் மொழியில் பேசப் பழகிவிட்டோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தோம். இன்டர் பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொன்னார்கள். இதற்கு ஆள் கூடுதலாக வேண்டும். ஆள் இல்லை என்று இந்த விதியைத் தளர்த்துகிற சபை, அந்த வருடம் வி.பி.எஸ். நடத்தாமலே இருக்கலாம்.

பரிசு விஷயத்தில் எனக்கும் கமிட்டிக்கும் கொஞ்சம் வாக்குவாதம். வசனம் அதிகம் சொன்ன பிள்ளைக்கு முதல் பரிசு என்பது பழைய வழக்கம். வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர அம்மாவுக்கு நேரம் இருக்கிற பிள்ளைதான் அதை எப்போதும் வாங்கும். முந்திரி ஆலைக்குப் போய் இருட்டின பிறகு வீடு திரும்புகிற அம்மாவின் பிள்ளை எப்படி வாங்கும்? சின்ன வகுப்புகளில் போட்டி வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பரிசு என்று கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கொள்ளாம், அப்படியே ஆகட்டு" என்றார். பெரிய வகுப்புகளில் போட்டி இருந்தது. அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

ஒன்பதாம் நாள் பேரணி. பிள்ளைகள் எல்லோரும் தாங்களே செய்த காகிதத் தொப்பியோடு ஊரைச் சுற்றி வருவார்கள். முந்தின இரவு கோடை மழை பெய்து தெருவெல்லாம் சேறு, ஆனாலும் போனோம். எங்கள் தெருவில் அம்மன் கோயில் இருக்கிறது. அதன் முன்னால் வரும்போது மைக்கை நிறுத்திவிடுவது ஊர் வழக்கம். கோயிலுக்கு எதிர்வீட்டு மைனி வாசலில் பெரிய போணி நிறைய மோர் கலக்கி வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வரிசை கலைந்து ஓடிப்போய்க் குடித்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கள் வி.பி.எஸ்.ஸில்தான் இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அம்மன் கோயிலில் நடக்கும் சமய வகுப்புக்குப் போவார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் கண்ட மாவட்டம் இது. அந்த வருடத்தை நினைவில் வைத்திருக்கிற பெரியவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த மோரை நான் சும்மா மோராக நினைக்கவில்லை. மைக்கை நிறுத்துகிற வழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லிக்கொடுத்தோம். வசனத்தைப் போலவே அதுவும் பாடம்தான்.

நிறைவு விழா அன்று என் பிகினர்ஸ் பிள்ளைகள் மேடையில் ஏறி ஒரு பாட்டை மட்டும் பாடினார்கள். பாதிப் பேர் அம்மாவைத் தேடினார்கள். ஒருத்தி மைக்கைப் பிடித்துத் தன் பெயர், அப்பா பெயர், வீட்டு ஆட்டின் பெயர் எல்லாம் சொன்னாள். கை தட்டல் ஓயவில்லை. எனக்கு அந்த நேரத்தில் கூட்டத்தை விட, ஓரத்தில் நின்று அந்தப் பிள்ளைகளுக்காகக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள்தான் கண்ணில் பட்டார்கள். அடுத்த வருடம் பிகினர்ஸ் வகுப்பை அவர்களிடம் விடலாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் சீனியருக்குப் போகிறேன். காலியாகக் கிடந்த அந்தப் பெஞ்சுகளை நிரப்ப வேண்டும். அதற்காக இப்போதே பெற்றோரிடம் பேசத் தொடங்கியாயிற்று.

சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களும் அந்தப் பாயில் உட்கார்ந்தவர்கள்தான். வருடாந்தர லீவை மே மாதத்தில் வைக்க முடியுமானால் வையுங்கள். பத்து நாளும் முடியாவிட்டால் ஐந்து நாள் வாருங்கள். சம்பளம் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. டீச்சர் பயிற்சி அநேகமாக ஏப்ரல் கடைசியில் இருக்கும்; உங்கள் ஊர்ப் போதகரிடமோ செயலாளரிடமோ முன்கூட்டியே பெயரைச் சொல்லி வையுங்கள். பாட வராது, கதை சொல்ல வராது என்று தயங்க வேண்டாம். கஞ்சி விளம்பவும் கழிப்பறைக்குத் துணை போகவும்கூட இரண்டு பேர் வேண்டும்.